கரையில் பார்த்துப் பலகை வாங்காதே!

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலு எட்டு நடத்திப் பார்க்கிறார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். செருப்புக் கடையில் ஒரு காலையாவது நுழைத்து, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து பார்க்காமல் யாரும் பில் போடச் சொல்வதில்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் கூடையில் போடுகிற அம்மா விழுப்புரம் மாவட்டத்தில் உண்டா? இப்படிப்பட்ட ஊரில், ஒரு பையன் தன் உடம்பை முழுசாக நம்பி ஏறி நிற்கப்போகிற பலகையை மட்டும், தண்ணீரில் ஒருமுறைகூடப் போடாமல், சுவரில் சாய்த்து வைத்த நிலையிலேயே பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுக்கிறான். கொடுத்த பிறகு ஒரு செல்ஃபி வேறு!

பேச்சு ஸர்ஃப் போர்டைப் பற்றி. அலைச்சறுக்குப் பலகை.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, வானூர் தாலுகாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பவர்கள் ஒருமுறை வரைபடத்தைப் பார்க்கவும். தாலுகாவின் ஒரு பக்கம் திருவக்கரை, கல்மரங்கள், கல் குவாரிகள், லாரிப் புழுதி. மறுபக்கம் கடல். கோட்டக்குப்பத்தை ஒட்டிய செரினிட்டி பீச்சில் வருடக்கணக்காக அலைச்சறுக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆரோவில்லில் வளர்ந்த சகோதரர்கள் தொடங்கிய பயிற்சிப் பள்ளியும் அந்தப் பக்கம்தான். ஈசிஆரில் வடக்கே போனால் மாமல்லபுரம், அதற்கும் மேலே கோவளம். 2025 ஆகஸ்டில் ஆசிய ஸர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் தனிநபர் பதக்கம். ஆகவே இது யாரோ எங்கோ விளையாடும் விளையாட்டு இல்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் போய் இறங்கிவிடலாம்.

முதலில் திருவக்கரைக்கே போவோம். பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. (பார்த்தவர்களில் பாதிப் பேர் அதன்மேல் உட்கார்ந்து போட்டோ எடுப்பதோடு சரி.) இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிற இடம். சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் என்கிறார்கள். கிளை இல்லை, வேர் இல்லை, வெறும் அடிமரமாகக் கிடக்கின்றன. அதனால்தான் அவை அங்கேயே முளைத்து நின்றவை அல்ல, ஏதோ ஒரு பெருவெள்ளத்தில் மிதந்து அடித்துக்கொண்டு வரப்பட்டவை என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அப்பட்டமான மரம். பட்டை தெரிகிறது, ரேகை தெரிகிறது, சிலவற்றில் வளையம்கூடத் தெரிகிறது. விறகுக் கடைக்காரர் பார்த்தால் எடை போடத் தராசு எடுத்துவிடுவார். கிட்டே போய் விரலால் தட்டினால்தான் கல். ஒரு காலத்தில் மிதந்தே வந்து சேர்ந்த அதே சாமானைத் தூக்கி இன்றைக்குப் பக்கத்துச் சங்கராபரணி ஆற்றில் போட்டால் நேரே அடிக்குப் போகும். கண்ணுக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியாது.

மிதப்பது எது, முங்குவது எது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கே கிடைக்கும்? ஆனால் பலகை விற்பவர்களும் வாங்குபவர்களும் கண்ணை மட்டும்தான் நம்புகிறார்கள்.

ஒரு பையனை வைத்துக்கொள்வோம். வயது இருபது, எடை 70 கிலோ. நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் நுரை அலையில் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டான். இனி வாடகைப் பலகை கௌரவக் குறைச்சல். சொந்தமாக ஒன்று வேண்டும். கடையில் இரண்டு பலகைகள் இருக்கின்றன. இரண்டும் ஆறடிதான். ஒன்று 28 லிட்டர், இன்னொன்று 45 லிட்டர். லிட்டரா, பலகைக்கா என்று கேட்காதீர்கள். பலகையின் பருமனை லிட்டரில்தான் சொல்வது வழக்கம். காரணம் ரொம்ப எளிது. ஒரு லிட்டர் பருமன் தண்ணீருக்குள் அமிழ்ந்தால், அது விலக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கிலோ பாரத்தை மேலே தள்ளும். ஆர்க்கிமிடிஸ் சமாச்சாரம், பள்ளிக்கூடத்திலேயே படித்தது. சுவரில் சாய்த்து வைத்தால் இந்த இரண்டு பலகைக்கும் அகலத்திலும் தடிமனிலும் ஒரு விரல், ஒன்றரை விரல் வித்தியாசம்தான் தெரியும். 28 லிட்டர் பலகை கூர் மூக்கும் மெலிந்த ஓரமுமாக, பார்க்க அம்சமாக இருக்கும். 45 லிட்டர் கொஞ்சம் குண்டு. பையன் எதை எடுப்பான் என்று சொல்லவும் வேண்டுமா?

'தம்பி, இது சாம்பியன்லாம் ஓட்டுற மாடல்' என்று கடைக்காரர் ஒரு வார்த்தை போட்டால் கதை முடிந்தது.

அந்த வார்த்தையில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. சாம்பியன் அதைத்தான் ஓட்டுகிறார். நன்றாகத் தேர்ந்த ஒருவர் தன் எடையில் 35, 40 சதவீதம் அளவுக்கு லிட்டர் இருக்கிற பலகையில் ஏறுவார். 70 கிலோ ஆள் என்றால் 25-லிருந்து 28 லிட்டர். அவரை அலையின் வேகம் தூக்கிக்கொள்கிறது, பலகையின் மிதப்பு பாதி வேலை செய்தால் போதும். தொடக்கக்காரனுக்கு அந்த வேகம் கிடைக்காது. அவனைப் பலகைதான் தூக்க வேண்டும். எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலேயோ லிட்டர் வேண்டும். பயிற்சிப் பள்ளிகளில் தருகிற எட்டடி மெத்துப் பலகை 70, 80 லிட்டர் இருப்பது இதனால்தான். இந்தப் பையன் 28 லிட்டரில் படுத்துத் துடுப்புப் போட்டால் களிமண்ணில் நீந்துகிற மாதிரி இருக்கும். அலை வரும், இவனை விட்டுவிட்டுப் போகும். அடுத்தது வரும், அதுவும் போகும். மூன்றாவது தலைகுப்புறக் கவிழ்க்கும். இரண்டு மாதம் கழித்து அந்தப் பலகை மாடியில் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும். 'எனக்கு இது வரலை' என்று பையன் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு கிரிக்கெட்டுக்குத் திரும்பியிருப்பான். சாம்பியனுக்குச் சரியாக இருக்கிறது என்பதே, அது இவனுக்குச் சரிவராது என்பதற்கான அத்தாட்சி. அதையே விளம்பரமாகச் சொல்லி விற்கிறார்கள்!

இதைவிடக் கறாரான உலகம் ஒன்று இருக்கிறது. வாட்டர் ஸ்கீ. சுங்கத்துறையின் பட்டியலில் வாட்டர் ஸ்கீ, ஸர்ஃப் போர்டு, பாய்ப்பலகை எல்லாம் 9506 என்ற ஒரே தலைப்பின் கீழ் வரும் பங்காளிகள். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் பெப்பின் ஏரியில் 1922-ல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் காலுக்கு ஒன்றாக இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு படகின் பின்னால் ஓடியதிலிருந்து இந்த விளையாட்டின் கதை தொடங்குகிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாகவும் எட்டிப் பார்த்தது. இதில் ஸ்லாலம் என்று ஒரு பிரிவு. ஒரே பலகை, இரண்டு காலும் ஒன்றன்பின் ஒன்றாக அதிலேயே. படகு 259 மீட்டர் நேர்கோட்டில் போகும். ஸ்கீ ஓட்டுபவர் இடமும் வலமுமாக ஆறு மிதவைகளைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு மிதவையும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. கயிறு 18.25 மீட்டரில் ஆரம்பித்து ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்துகொண்டே வரும். 2013-ல் நேட் ஸ்மித் என்ற அமெரிக்கர் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவை சுற்றி உலக சாதனை செய்தார். கவனியுங்கள், மிதவை இருப்பது 11.5 மீட்டரில், கயிறு 9.75 மீட்டர்தான். மீதியை அவர் உடம்பைச் சாய்த்தும் கையை நீட்டியும் எட்டுகிறார், 58 கிலோமீட்டர் வேகத்தில். உண்மையில் இது சர்க்கஸ்தான்.

அந்த உலகத்தில் பலகை வாங்குகிற முறையைப் பாருங்கள். ஸ்கீக்குச் சொந்த மிதப்பு சொற்பம். படகு நின்றால் ஆளும் முங்குவார். தூக்குவது வேகம். அதனால் அளவு அட்டவணையில் உயரம் என்ற பேச்சே பெரிதாகக் கிடையாது. உங்கள் எடை என்ன, படகு எவ்வளவு வேகத்தில் போகும், இந்த இரண்டுதான் கேள்வி. எடை கூடினாலோ வேகம் குறைந்தாலோ நீளமான, அகலமான பலகை. அந்த அட்டவணையும் சும்மா தொடக்கத்துக்குத்தான். நல்ல விற்பனையாளர்கள் சோதனைப் பலகை என்று தனியாக வைத்திருக்கிறார்கள். வாங்க நினைப்பவர் அதை எடுத்துப் போய்த் தன் வழக்கமான ஏரியில், வழக்கமான படகின் பின்னால், வழக்கமான கயிற்று நீளத்தில் ஓட்டிப் பார்ப்பார். விவரம் தெரிந்தவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். காலைப் பிடிக்கும் அந்தக் கட்டு இருக்கிறதே, பைண்டிங், அதைப் பழைய பலகையிலிருந்து கழற்றிப் புதுப் பலகையில் மாட்டுவார்கள். முன்னங்கால் வால் பக்கத்திலிருந்து எத்தனை அங்குலத்தில் இருந்ததோ அதே இடத்தில்தான் தொடங்குவார்கள். ஏன்? பலகையும் புதுசு, கட்டும் புதுசு என்றால், நன்றாக ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது, கவிழ்ந்தாலும் எதனால் கவிழ்ந்தது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது. பலகைக்கு அடியில் இருக்கும் துடுப்பை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் காலிப்பர் வைத்து நகர்த்துகிற ஆட்கள் இவர்கள்.

முதல் நாள் ஓட்டத்தை நம்பவும் மாட்டார்கள். புதுப் பலகை முதல் நாள் எல்லோருக்கும் பிடிக்கும். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பது மனுஷனுக்கு மட்டும் சொன்னதில்லையே. களைத்த நாளில், காற்று அடிக்கிற நாளில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த பிறகுதான் முடிவு.

'அவன் பணக்காரன், ஏரி வைத்திருக்கிறான், படகு வைத்திருக்கிறான், நமக்கு எதுக்கு அந்த ஆடம்பரம்' என்பார்கள். அங்கேதான் தப்பு. பணக்காரன் தப்பான பலகை வாங்கினால் இன்னொன்று வாங்கிக்கொள்வான். பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசில் வாங்குகிற திண்டிவனத்துப் பையனுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ஓட்டிப் பார்த்து வாங்குவது யாருக்கு அவசியம் என்றால் இவனுக்குத்தான் முதலில் அவசியம். 2025 செப்டம்பர் 22 முதல் விளையாட்டுப் பொருட்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது, நல்ல விஷயம்தான். ஆனால் பொருந்தாத பலகையைச் சுமார் ஆறு சதவீதம் மலிவாக வாங்கி என்ன செய்ய?

சட்டம் என்ன சொல்கிறது? இந்த இடத்தில் பி.காம். படிக்கிற மக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும். 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். ஐந்து மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்துபோகிற அதே சட்டம். அதன் 24-வது பிரிவு, பிடித்திருந்தால் எடுத்துக்கொள் இல்லாவிட்டால் திருப்பிக் கொடு என்ற அடிப்படையில் கொடுக்கும் சரக்கைப் பற்றியது. வாங்குபவர் சம்மதம் சொன்னாலோ, தன் பொருள்போல நடத்தினாலோ, அல்லது குறித்த கெடுவைத் தாண்டித் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டாலோதான் உரிமை அவருக்கு மாறும். அதுவரை பொருள் கடைக்காரருடையது. வாட்டர் ஸ்கீக்காரர்கள் செய்வது கிட்டத்தட்ட இதுதான். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் இல்லை, நம் சட்டப் புத்தகத்திலேயே 90 வருடத்துக்கு மேலாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. 41-வது பிரிவு வாங்குபவருக்குப் பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பு வேண்டும் என்கிறது. தண்ணீரில் ஓடுகிற பொருளைத் தரையில் வைத்துக் காட்டுவது நியாயமான வாய்ப்பா? 16-வது பிரிவு இன்னும் ருசியானது. பொதுவாக 'வாங்குபவரே உஷார்' என்பதுதான் விதி. ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்கு அது பொருந்த வேண்டும் என்பது சொல்லாமலே உண்டாகும் நிபந்தனை. ஆகவே கடையில் வாயைத் திறந்து, '70 கிலோ, மூன்று மாதமாகத்தான் கற்கிறேன், செரினிட்டி பீச்சில்தான் ஓட்டுவேன்' என்று சொல்ல வேண்டும். முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்க வேண்டும்.

வாங்குபவர்கள் இதில் சுத்தமான அப்பாவிகள் இல்லை. எடையைக் கேட்டால் நாலு கிலோ குறைத்துச் சொல்வது, 'எத்தனை நாளாக ஓட்டுறீங்க' என்றால் நாலு வகுப்பை ஒரு வருடமாக்குவது, இன்ஸ்டாகிராமில் பார்த்த நிறம் வேண்டும் என்று அடம் பிடிப்பது... கடைக்காரருக்குச் சொல்கிற பொய்யைக் கடல் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும்.

கடைக்காரர் தரப்பையும் கேட்போம். 'ஒருத்தன் கடல்ல இறக்கினா பலகை பழசாயிடும் சார். கல்லுல இடிச்சா டிங் விழும், உள்ள தண்ணி இறங்கும். அப்புறம் யாரு வாங்குவா?' இதில் நியாயம் இருக்கிறது. மேல் ஓடு விரிசல் விட்டு உப்புத் தண்ணீர் உள்ளே போனால் பலகை கனம் ஏறிக் கெட்டுப்போகும். ஆனால் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு அளவிலும் ஒரு பலகையைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வையுங்கள், அதைப் பிறகு வாங்கும்போது விலையில் கழியுங்கள். இடித்தால் பழுதுக் கூலியை முன்பணத்தில் பிடியுங்கள். டூவீலர் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் வண்டி என்று ஒன்று தனியாக நிற்கிறதே, அதை யாரும் புதுசு என்று விற்பதில்லையே. சரக்கு வைக்கக் காசு இல்லாத சின்னக் கடை என்றால், பக்கத்துப் பயிற்சிப் பள்ளியின் வாடகைப் பலகைகளையே சோதனைக்குப் பயன்படுத்தலாம். பள்ளிக்கு வாடகை, கடைக்கு நம்பிக்கையான வாடிக்கையாளர். முதல் செமஸ்டர் கணக்குப்பதிவியலே போதும், இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று புரிய.

எந்தக் கடலில் சோதிப்பது என்பதும் முக்கியம். புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 1980-களின் கடைசியில் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் தடைபட்டது. வடக்கே இருந்த கரைகளைக் கடல் தின்றது. அதைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது, அங்கேயும் கல். இன்றைக்குக் கோட்டக்குப்பம் பக்கத்துக் கரையில் கல் மதகுகளுக்கு நடுவே, அலை கரைக்குக் கிட்டத்திலேயே உடைகிற இடத்தில்தான் பிள்ளைகள் கற்கிறார்கள். கோவளத்தில் நீளமாக ஓடுகிற அலைக்குப் பொருந்துகிற கடினமான கூர் மூக்குப் பலகை இங்கே தொடக்கக்காரனுக்கு ஆபத்து. மெத்து மேற்பரப்பும் வளையும் துடுப்பும்தான் புத்தி. இதை எந்தக் கம்பெனியின் அட்டவணையும் சொல்லாது. அந்தத் தண்ணீரில் இறங்கினால்தான் தெரியும்.

உடம்பின் எடைக்கு ஏற்ற சாதனம் என்பதைப் பெரிய போட்டிகளே ஒப்புக்கொள்கின்றன. சென்னையில் பாய்மரப் படகு கற்ற நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது 2021-ல். பாய்மரப் படகில் ஒலிம்பிக் போன முதல் இந்தியப் பெண். அவர் ஓட்டியது லேசர் ரேடியல். லேசர் ஸ்டாண்டர்டுக்கும் அதற்கும் படகின் உடல் ஒன்றேதான். பாய்தான் வேறு, 7.06 சதுர மீட்டருக்குப் பதில் 5.76. எடை குறைந்தவருக்குச் சின்னப் பாய். 'நீ முயற்சி செய்தால் பெரிய பாயையும் சமாளிக்கலாம்' என்று யாரும் அங்கே தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பதில்லை.

சரி, இதெல்லாம் வெளியூர்க் கதை. சொந்தக் கதைக்கு வருவோம். கட்டுமரம். இந்த ஒரு சொல்லை உலகமே கடன் வாங்கிக்கொண்டது. (இரண்டு உடல் கொண்ட படகுக்கு அந்தப் பெயரை ஆங்கிலத்தில் வைத்திருப்பது வேறு கூத்து. நம் கட்டுமரத்துக்கு உடலே இரண்டு கிடையாது, சேர்த்துக் கட்டிய மரங்கள்தான்.) துறைமுகம் இல்லாத, அலை நேராக வந்து அறைகிற சோழமண்டலக் கரைக்கென்றே உண்டான சாதனம் அது. கனமில்லாத மரமாகப் பார்த்துத் தேர்ந்து, செதுக்கி, கயிற்றால் கட்டுவார்கள். எத்தனை பேர் போகிறார்கள், என்ன வலை, எந்தப் பருவம் என்பதைப் பொறுத்து மரத்தின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப்போடுவார்கள், தண்ணீர் ஊறிக் கனம் ஏறாமல் இருக்க. லிட்டர் கணக்கு எழுதத் தெரியாத அந்த மனுஷர்கள் மிதப்பு என்பதை எவ்வளவு கறாராக நிர்வாகம் செய்தார்கள்! ஓட்டப்போகிறவனே மரத்தைத் தேர்ந்தான், அவனே கட்டினான், அவனே அலையில் இறக்கிப் பார்த்து இறுக்கினான் அல்லது தளர்த்தினான்.

அந்தச் சங்கிலி எங்கே அறுந்தது? 2004 டிசம்பர் 26. சுனாமி கட்டுமரங்களைச் சிதறடித்தது. நிவாரணம் வந்தது, மலைபோல வந்தது. கூடவே ஃபைபர் படகுகள். கொடுத்தவர்களின் மனசைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எத்தனை படகு கொடுத்தோம் என்ற எண்ணிக்கை அறிக்கையில் ஏற வேண்டிய அவசரம் இருந்தது. திடீர் திடீரென்று படகுப் பட்டறைகள் முளைத்தன. தரம் குறைந்த படகுகள் வந்திறங்கின என்று அந்தக் காலத்திலேயே மீனவர்களும் ஆய்வாளர்களும் புகார் சொன்னார்கள். ஒருவரோ இருவரோ கட்டுமரத்தில் பாய் விரித்தும் துடுப்புப் போட்டும் போய்வந்த குடும்பத்துக்கு எஞ்சின் வைத்த படகு வந்தது. ஓட்ட நாலு ஆள் வேண்டும், எண்ணெய்க்குக் காசு வேண்டும். எல்லோரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது, கிராமப் பஞ்சாயத்தைக் கூட்டிக் கேட்டுச் செய்தவர்களும் இருந்தார்கள். ஆனால் படகு கட்டும் முன் அதை ஓட்டப்போகிறவனைக் கூப்பிட்டு, ஒன்றை அலைக்குள் ஓட்டிப் பார்த்து, 'இது சரி, இது வேண்டாம்' என்று சொல்லவிட்ட நன்கொடையாளர்கள் எத்தனை பேர்? இலவசமாக வருவதைக் குறை சொல்லலாமா என்று வாயடைத்துவிட்டார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பழமொழியே வேறு அவர்களுக்கு ஒத்தாசை. மாடு முட்டினால் தானம் கொடுத்தவரா ஆஸ்பத்திரிக்கு வருவார்?

அதே வியாதிதான் இன்றைக்கு ஸர்ஃப் போர்டிலும். மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பலகை வாங்கித் தருகிறோம் என்று வருகிற நல்ல மனசுக்காரர்கள் கவனிக்க வேண்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரே அளவில் பத்துப் பலகை வாங்கி, வரிசையில் நிற்க வைத்து, பேனர் கட்டிப் போட்டோ எடுப்பது உதவி ஆகாது. அந்தப் பத்துப் பேரில் 32 கிலோவும் இருக்கும், 60 கிலோவும் இருக்கும். முதலில் எடை பார்க்கும் மிஷினை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கடைசியாகக் கட்டு. ஸ்கீயில் பைண்டிங் தளர்ந்து விழும்போது ஒரு கால் கழன்று மறு கால் மாட்டிக்கொண்டால் கணுக்கால் போச்சு. இறுக்கம் அதிகமானால் கழலவே கழலாது. அதனால் அதைப் பலகையைவிடக் கவனமாகப் பார்க்கிறார்கள். ஸர்ஃபிங்கில் காலுக்கும் பலகைக்கும் நடுவே இருப்பது லீஷ் என்கிற கால்கயிறு. பலகை வாங்கும்போது 'ஃப்ரீயா ஒண்ணு போட்டுத் தரேன் தம்பி' என்று கொடுக்கப்படும் அந்தச் சாமான்தான் உயிர்க்கயிறு. நீந்திக் களைத்தவனுக்குப் பிடித்துக்கொள்ளப் பலகை பக்கத்தில் இருக்குமா, கல் மதகில் போய் மோதுமா என்பதைத் தீர்மானிப்பது அது. பலகையின் நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ரொம்பக் குட்டையாகவும், சுண்டி இழுக்கிற மாதிரியும் இருந்தால் விழுந்தவன் முகத்துக்கே பலகையைத் திருப்பி அனுப்பும். குளிர்த் தண்ணீர் உடுப்பு வியாபாரத்தில் பெயர் பெற்ற ஜாக் ஓ'நீல் 1970-களின் தொடக்கத்தில் ஒரு கண்ணை இழந்தது, சுண்டி இழுத்த லீஷால் திரும்பி வந்த பலகையால்தான். அந்த லீஷைச் செய்து பார்த்தது அவருடைய மகன். விஷயம் தெரிந்த குடும்பத்துக்கே அந்தக் கதி.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகை வாங்கக் கிளம்புகிறவர்கள் காலையில் எடை பார்த்துவிட்டுக் கிளம்பவும். இரண்டு அளவை வாடகைக்கு எடுத்து, ஒரே காலையில், ஒரே இடத்தில், ஒரே லீஷோடு மாற்றி மாற்றி ஓட்டவும். எத்தனை அலை துரத்தினீர்கள், எத்தனை பிடித்தீர்கள் என்று கரையில் இருக்கிற நண்பனை எண்ணச் சொல்லவும். ஒரு வாரம் விட்டு மறுபடி அதையே செய்யவும். அப்புறம் கடைக்குப் போய்ப் பலகையின் லிட்டர் என்ன, இந்த எடைக்கு அது எதனால் சரி, லீஷ் எத்தனை அடி என்று மூன்றே கேள்வி கேட்கவும். பதில் வராத கடையில் மெழுகு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.